சௌக்கிதார் எழுதாத சாவுகள்: வங்கப் பஞ்சத்தின் கணக்கு வரலாறு

1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டன் பார்லிமெண்டில் இந்தியா மந்திரி எமரி துரையிடம் வங்காளத்துப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டார்கள். கல்கத்தாவையும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் 1,000 பேர் சாகிறார்கள், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார் அவர். 16ஆம் தேதி 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை இந்தக் கணக்கைக் கடுமையாகச் சாடியது. இரண்டொரு நாளில் வங்காள கவர்னர் ரூதர்ஃபோர்டு, இப்போதைய நிலையில் 2,000க்குக் குறையாது என்று எமரிக்குத் திருத்தி எழுதினார்.

இனி அரசாங்கத்தின் சொந்தப் பதிவேட்டைப் பார்ப்போம். அந்த ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை வங்காளத்தில் பதிவான மரணங்கள் 13,04,323. முந்தைய ஐந்தாண்டுகளில் இதே ஆறு மாதத்தின் சராசரி 6,26,048. கழித்தால் 6,78,275 வருகிறது. 26 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள்; வாரத்துக்கு 26,000க்கு மேல் நிற்கும்.

மந்திரி சொன்னது ஆயிரம், கவர்னர் சொன்னது இரண்டாயிரம், பேரேடு சொல்வது இருபத்தாறாயிரம். கடையில் எந்தக் குமாஸ்தாவாவது இப்படிக் கணக்கு காட்டினால் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பட்டதாரி அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்போடு நிறுத்தி, 1980இல் கல்கத்தா வந்து போஸ்தா பஜாரில் பருப்பு, அரிசி மொத்த வியாபாரத்தில் இறங்கியவன். கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளத் தொடங்கியபின் அலிப்பூர் நேஷனல் லைப்ரரியில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. தேறியதை நம் மலரில் எழுதச் சொன்னார்கள். இந்த ஊரில் இரண்டு மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிற நமக்கு, இந்த ஊர்த் தெருவில் சோறில்லாமல் விழுந்தவர்களின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் கடையில் பேரேடு எழுதியவர் ஒரு வங்காளிப் பெரியவர். சர்க்கார் பாபு என்றுதான் கூப்பிடுவோம். மேதினிப்பூர் ஜில்லாக்காரர். பஞ்ச வருஷத்தில் அவருக்குப் பன்னிரண்டு வயதாம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சில சமயம் பேசுவார். "அரிசி வேணும்னு யாரும் கேக்கல, நயினார் பாபு. கிடைக்காதுன்னு தெரியும். ஃபேன் தாவ் மா, ஃபேன் தாவ் மான்னுதான் வாசல்ல நின்னாங்க." ஃபேன் என்றால் சோறு வடித்த கஞ்சி. இன்னொரு நாள் சொன்னார்: "எங்க ஊர் சௌக்கிதார் சம்பளம் வரலேன்னு எங்கேயோ ஏரோடிராம் வேலைக்குப் போயிட்டான். அப்புறம் யார் செத்தாங்க, எத்தனை பேர்னு யார் எழுதினாங்க?" கிழவர் ஏதோ பழங்கதை பேசுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பல வருடம் கழித்து, சர் ஜான் வுட்ஹெட் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷனின் 1945ஆம் ஆண்டு அறிக்கையைப் புரட்டும்போது அதே செய்தி அச்சில் இருந்தது. சில இடங்களில் சம்பளம் கிடைக்காத சௌக்கிதார்கள் ராணுவ வேலைக்கும் விமானத்தளக் கட்டுமான வேலைக்கும் ஊரை விட்டுப் போனார்கள். சிலர் தாங்களே இறந்துபோனார்கள். பதில் ஆள் வர வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஆனது என்று கமிஷன் எழுதியிருக்கிறது.

இதன் பொருள் நம் பக்கத்து வாசகர்களுக்கு விளங்க வேண்டுமானால் கர்ணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மதராஸ் மாகாணத்தில் ரயத்துவாரி முறை. ஊருக்கு ஊர் கர்ணம், மணியக்காரர், தலையாரி. எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு விளைந்தது என்று கர்ணம் அடங்கலில் எழுதியாக வேண்டும். அவர் எழுதியதெல்லாம் சத்தியம் என்று நான் சொல்லவரவில்லை. கர்ணத்தின் பேனா பற்றி நம் ஊர்களில் கதைகள் உண்டு. ஆனாலும் பொய்யோ மெய்யோ ஒரு ஏடு இருந்தது. வங்காளத்தில் 1793இல் வந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில் வரி ஜமீன்தாரிடம் ஒரே தொகையாக முடிந்துவிட்டது. கிராமத்தில் சர்க்காருக்கு ஏடு எழுத ஆளே தேவைப்படவில்லை. நெல் விளைச்சலை மதிப்பிட ஓர் அணாவாரி முறை: முழு விளைச்சல் என்றால் பதினாறு அணா, பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் குறைந்தால் பன்னிரண்டு அணா. ஆறு கோடிச் சனங்களின் சாப்பாட்டைப் பற்றி இப்படித்தான் கண்பார்வையில் மதிப்புப் போட்டார்கள்.

மரணப் பதிவுக்கு இருந்த ஒரே ஆள் சௌக்கிதார். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஊர்க்காவல்காரர். அவர் கையில் ஒரு நோட்டு. தெரிந்தவரைப் பிடித்து எழுதச் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போவார். காரணம் எழுத காலரா, அம்மை, ஜுரம், வயிற்றுப்போக்கு என்று கட்டங்கள். பட்டினி என்று தனிக் கட்டம் இல்லை. சோறில்லாமல் மெலிந்து மலேரியாவில் போனவர் 'ஜுரம்' என்ற கட்டத்துக்குள் அடங்கிவிட்டார். ஊரை விட்டு நடந்து, வழியில் எந்த மரத்தடியிலோ விழுந்தவர் எந்த ஊர்க் கணக்கிலும் சேரவில்லை. ஆக மேலே நான் சொன்ன 26,000கூட எழுதியவரை உள்ள கணக்குத்தான்.

தாது வருஷமும் பஞ்ச விதிகளும்

சாவை எண்ணுவதற்கும் சோறு போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதற்கு நம் ஊர் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும்.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைச் சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் வெட்டினார். நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. மேற்செலவுக்கு ஏதோ சில்லறைக் காசு. இதை வைத்துக்கொண்டு மண் சுமக்க வேண்டும். இதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இவர் வெறும் வைத்தியர் இல்லை. 1871ஆம் ஆண்டு மதராஸ் மாகாண ஜனத்தொகை அறிக்கையை எழுதியவரும் இவரே. உயிரோடிருந்தவர்களை எண்ணிய அதே ஆள், ஐந்தாறு ஆண்டில் செத்தவர்களை எண்ண வேண்டியதாயிற்று. முகாம்களில் இறந்தவர் கணக்கை முன்வைத்து வாதாடினார். 1877 மே மாதம் மதராஸ் சர்க்கார் கூலியை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். சேலம் ஜில்லாவில் மட்டும் 1871இல் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாக இறங்கிவிட்டது. பத்து வருடத்தில் கூட வேண்டிய இடத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு.

அந்தப் பஞ்சத்தின் பின்விளைவாக 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. தொடர்ந்து மாகாணந்தோறும் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. தானிய விலை ஏறுவது, சனங்கள் ஊரை விட்டு அலைவது, சாவு கூடுவது ஆகியவற்றைக் கலெக்டர் கவனிக்க வேண்டும். பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் வேலையும் சோறும் கொடுத்தே ஆக வேண்டும். கையேந்துகிறவனுக்குப் போடுகிற பிச்சையாக இருந்தது, விதிப்படி சர்க்கார் செய்ய வேண்டிய காரியமாக மாறியது. மனித உரிமை என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில், உணவுக்கான உரிமையின் ஒரு சிறு வடிவம் இது என்பேன். 1948இல் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவில் உணவைச் சேர்த்தது பிற்பாடு.

1943இல் வங்காளத்தில் அந்த விதிகளை அமுல்படுத்தவே இல்லை. பஞ்சம் என்று அறிவிக்காததற்குக் கவர்னர் சொன்ன காரணம், விதிப்படி கொடுக்க வேண்டிய அளவு உணவு எங்களிடம் இல்லை என்பது. கடன்காரன் வந்துவிடுவான் என்று பேரேட்டைத் திறக்காமலே வைத்திருப்பது போல. வாரம் ஆயிரம் என்ற எண்ணுக்கு இருந்த உபயோகம் இப்போது விளங்கும். இருபத்தாறாயிரம் என்று ஒத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பஞ்சம். பெயர் வைத்தால் கடமை வந்துவிடும்.

இனி விலை. இது எனக்குத் தெரிந்த துறை. கல்கத்தாவில் ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ அரிசி, மொத்த விலையில் 1942 டிசம்பர் 11இல் 13 ரூபாயிலிருந்து 14 ரூபாய். 1943 மார்ச் 12இல் 21 ரூபாய். மே 21இல் 30ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 20இல் 37. பர்மா அரிசி 1942இலேயே நின்றுவிட்டது. அந்த அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அடித்தது. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று கரையோரப் படகுகளைச் சர்க்கார் அப்புறப்படுத்தியதால் மீனவன் கடலுக்குப் போக முடியவில்லை, நெல்லும் ஆற்று வழியாக நகரவில்லை. ராணுவத்துக்கும் கல்கத்தாத் தொழிற்சாலைகளுக்கும் என்ன விலையானாலும் கொள்முதல் நடந்தது. ஜூன் மாதம் பதுக்கலைக் கண்டுபிடிக்க உணவுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். கிராமம் கிராமமாகக் குதிரைக் குடைந்தவர்கள், பெரிய கிடங்குகள் இருந்த கல்கத்தாவையும் ஹவுராவையும் விட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்!

வியாபாரிகளை நான் இங்கே காப்பாற்றப் போவதில்லை. அந்த ஆண்டு அரிசி வாங்கி விற்றதில் வழக்கத்துக்கு மீறிய லாபம் 150 கோடி ரூபாய் என்று கமிஷன் மதிப்பிட்டது. அவர்கள் கணக்கில் சாவு 15 லட்சம். ஒரு சாவுக்கு ஆயிரம் ரூபாய் லாபம் என்று அவர்களே வகுத்து எழுதியிருக்கிறார்கள். அறிக்கையில் அந்த இடம் வந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். மிகுபொருள் விரும்பாமை எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்கும் உரிய நோன்பு. போஸ்தாவில் நாற்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு அந்த நோன்பு எவ்வளவு கனம் என்று தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

எண்ண வந்தவர்கள்

சர்க்கார் எண்ணாததை எண்ணத் துணிந்தவர்கள் இந்த ஊர் வாத்தியார்கள். அவர்களைத்தான் நம் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1943 செப்டம்பரில், சாவு நடந்துகொண்டிருக்கும்போதே, கல்கத்தா பல்கலைக்கழக மானிடவியல் துறையின் தாரக் சந்திர தாஸ் மாணவர்களை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நடைபாதையில் கிடந்த குடும்பங்களிடம் எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர், யார் யார் போய்விட்டார்கள் என்று விசாரித்து எழுதினார்கள். அது 1949இல் புத்தகமாக வந்தது. அக்டோபர் கடைசியில் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டு இதே சனங்களை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தத் தொடங்கியது. தெரு சுத்தமாகிவிட்டால் கேட்க ஆளில்லை. அந்த மாணவர்களின் தாள்களில் மட்டும் அவர்கள் இருந்தார்கள்.

அதே துறையின் க்ஷிதீஷ் பிரசாத் சட்டோபாத்யாய் தலைமையில் கிராமங்களில் நடந்த ஆய்விலிருந்து, வழக்கத்துக்கு மேற்பட்ட சாவு 35 லட்சத்துக்கு மேல் என்று 1944 பிப்ரவரியில் செய்தி வந்தது. கமிஷன் இதை ஏற்கவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. ஆய்வு நடந்தவை அதிகம் அடிபட்ட பகுதிகள். அங்கே கண்ட விகிதத்தை மாகாணம் முழுவதுக்கும் நீட்டக் கூடாது. எங்கள் தொழிலில் ஒரு லோடு மூட்டை வந்தால் குத்தூசியால் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். நனைந்த மூட்டையாகப் பார்த்துக் குத்தினால் லோடு முழுக்கக் கெட்டது என்று தோன்றும். மேலே அடுக்கியதை மட்டும் குத்தினால் விற்றவன் சிரிப்பான். எந்த மூட்டை என்பதை வாங்குகிறவனும் தீர்மானிக்கக் கூடாது, விற்கிறவனும் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு வந்த மூட்டையைக் குத்த வேண்டும்.

இதைச் சாஸ்திரமாகச் செய்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை இந்த ஊரில் தொடங்கியவர். வங்காளத்துச் சணல் பயிரை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டுக் கை பழகியிருந்தவர். 1944-45இல் அவருடைய ஆட்கள் 386 கிராமங்களில் 15,769 குடும்பங்களை விசாரித்தார்கள். ராம்கிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் ஆகியோருடன் மகலனோபிஸ் எழுதிய அறிக்கை 1946இல் 'சாங்க்யா' இதழில் வந்தது.

அதில் உள்ளதைப் படித்தால், பஞ்சம் என்பது வெறும் சாவு மட்டும் இல்லை என்று தெரியும். பஞ்சத்துக்கு முன் நெல் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 65 லட்சம். 1943 ஏப்ரலுக்கும் 1944 ஏப்ரலுக்கும் இடையில் அவற்றில் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய 16 லட்சம் குடும்பங்கள், நிலத்தை முழுதாகவோ பாதியாகவோ விற்றோ அடகு வைத்தோ சாப்பிட்டிருக்கின்றன. 2 லட்சத்து 60 ஆயிரம் குடும்பங்களுக்குக் கையகல நிலமும் மிஞ்சவில்லை. விற்றவன் இருந்தால் வாங்கியவனும் இருக்கிறான் அல்லவா? எல்லாருக்கும் பொதுவாக வந்த கஷ்டம் என்ற பேச்சு இந்த ஒரு எண்ணோடு முடிந்துபோகிறது. தொழில்வாரியாகப் பிரித்ததில் விவசாயக் கூலிகள், மீனவர்கள், வண்டி படகு ஓட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள் ஆகியோர்தான் அதிகம் அழிந்தவர்கள். சோறு ஆக்கும் அரிசியைக் குத்திக் கொடுத்தவளுக்குத்தான் சோறு இல்லை.

இப்படிப் பிரித்து எழுதுவதன் அருமை எங்களைப் போன்ற சிறு கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர்கள் 89,265 பேர். அதில் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் எத்தனை, எங்களைப் போல் தொன்றுதொட்டுத் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை? அந்த வரியில் பதில் கிடையாது.

முப்பது ஆண்டுக்கு மேல் தூங்கிய இந்தத் தாள்களை மறுபடி பேசவைத்தவர் அமர்த்திய சென். 1943இல் அவர் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையன். வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி போடலாம் என்று வீட்டில் அவருக்கு அனுமதி இருந்ததாம். 1981இல் வெளிவந்த வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் மூன்று காரியம் செய்தார். முதலாவது, கமிஷன் 1944 நடுவோடு சாவுக் கணக்கை மூடிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். பட்டினிச் சாவு 1943 செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போனது. பின்னால் காலரா, மலேரியா, 1944 வசந்தத்தில் அம்மை. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத சனங்கள் அரிசி வந்த பிறகும் செத்துக்கொண்டே இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சாவு 1943 முடிந்த பிறகு நடந்தது. இரண்டாவது, பதிவாகாத சாவை ஜனத்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிக்கட்டினார். இரண்டும் சேர்ந்து மொத்தம் சுமார் 30 லட்சம் என்று வந்தது. பிற்காலத்தில் டைசனும் மகரத்னாவும் வேறு முறையில் போட்ட கணக்கு சுமார் 21 லட்சம். எதை எடுத்துக்கொண்டாலும் கமிஷனின் 15 லட்சம் குறைவு.

மூன்றாவதுதான் பெரிய சர்ச்சை. 1943இல் வங்காளத்தில் இருந்த மொத்த அரிசி முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமே வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். ஆகவே குறைந்தது அரிசி அல்ல, வாங்கும் சக்தி என்றார். அணாவாரிக் கணக்கை நம்பி இவ்வளவு பேசலாமா, பயிரில் நோய் விழுந்ததை ஏன் விட்டார் என்று எதிர்த்தவர்கள் உண்டு. எனக்கும் அந்த 5 சதவீதத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்பார்வையில் போட்ட அணாவுக்குச் சதவீதம் எங்கிருந்து வரும்? ஆனால் சந்தை விலையும் கூலியும் கண்பார்வைக் கணக்கு இல்லை. அரிசி எட்டே மாதத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியபோது கூலிக்காரன் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. கடையில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

வழக்கமான சாவைக் கழித்து மிகுதியைப் பார்க்கும் இந்த முறை பழம்பெட்டிக்குள் போய்விடவில்லை. கொரோனாவில் 2020, 2021 இரண்டு ஆண்டிலும் இந்தியாவில் 47 லட்சம் மிகுசாவு என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதிகாரபூர்வமான கொரோனாச் சாவு அந்த இரண்டாண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. மத்திய அரசு அந்த மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை. நாடு முழுவதும் பதிவான மரணங்கள், காரணம் எதுவானாலும், 2020இல் சுமார் 81 லட்சம், 2021இல் சுமார் 1 கோடியே 2 லட்சம் என்ற பதிவு 2025 மே மாதம் வெளியானது. எந்த மதிப்பீடு சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் வழியாக வந்த உதவியைப் பெற, சாவுக்குக் காரணம் கொரோனா என்று காகிதம் வேண்டியிருந்தது. சில மாநிலங்களில் விண்ணப்பங்கள் அரசு காட்டிய சாவு எண்ணிக்கையைத் தாண்டிப் போயின. காகிதம் இல்லாதவர்களுக்காகக் குறைதீர்க்கும் குழுக்களை அமைக்க வேண்டி வந்தது.

நம் வட்டாரத்திலும் அந்த இரண்டாண்டில் இழந்தவர்கள் உண்டு. சான்றிதழில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் எடுத்துப் பார்க்காத குடும்பங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். படிவம் வங்காளியில் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன்.